ஆறு பென்ஸும் இரண்டு தீக்குச்சியும்

சாரணர் இயக்கம் பிறந்த புதிதில், இங்கிலாந்துப் பையன் ஒருவன் 'இரண்டாம் வகுப்புச் சாரணன்' ஆக வேண்டுமென்றால் அவன் பேரில் சேமிப்பு வங்கியில் 6 பென்ஸாவது இருக்க வேண்டும். கால்சட்டைப் பையில் வைத்திருந்தால் செல்லாது. அது போக, ஒரு மைல் தூரத்தைக் கொஞ்சம் ஓடியும் கொஞ்சம் நடந்தும் 12 நிமிடத்தில் கடக்க வேண்டும். திசைகாட்டியின் 16 திசைகளையும் ஒப்பிக்க வேண்டும். கொடியாட்டிச் சேதி சொல்லும் செமஃபோரோ, கட்டுக்கடகட மோர்ஸோ ஓரளவு வர வேண்டும். அடிபட்டவனுக்குக் கட்டுப் போட வேண்டும். விறகு அடுக்கி, இரண்டு தீக்குச்சிக்கு மேல் செலவழிக்காமல் நெருப்பு மூட்ட வேண்டும். அந்த நெருப்பில் கால் பவுண்டு இறைச்சியையும் 2 உருளைக்கிழங்கையும் வேக வைக்க வேண்டும். இத்தனையும் முடித்தால் சட்டைக் கையில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னம் கிடைக்கும்.

ஐ.சி.எஸ். எழுதியவர்களுக்குக்கூடக் குதிரையேறத்தான் பரீட்சை வைத்தார்கள். உருளைக்கிழங்கு அவிக்கச் சொல்லவில்லை. (அந்தக் குதிரைப் பரீட்சைக்கு மட்டம் போட்டுத்தான் அரவிந்தர் கலெக்டராகாமல் தப்பித்து, பிற்பாடு புதுச்சேரி வந்து மகானானார்.)

கேள்வித்தாளை எழுதியவர் ராபர்ட் பேடன் பவல். ராணுவ அதிகாரி, ஓவியர், மேடை நடிகர், பன்றி வேட்டைப் பைத்தியம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆக்ஸ்ஃபோர்டு 'வேண்டவே வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிய மாணவர். பேலியல் கல்லூரி கதவைச் சாத்தியது. கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் இவருக்குக் கணக்கு எவ்வளவு தெரியும் என்று சோதித்தவர் டாட்ஜ்சன் என்ற கணித ஆசிரியர். லூயிஸ் கரோல் என்ற பெயரில் ஆலிஸ் கதைகளை எழுதிய அதே மனிதர்தான். கடிகாரம் பார்க்கும் முயலையும் காற்றில் கரையும் பூனையையும் நம்ப வைத்த அந்தப் புண்ணியவானாலேயே, இந்தப் பையனுக்குக் கணக்குத் தெரியும் என்று நம்ப முடியவில்லை.

கணக்கு வராததற்குக் காரணம் இருந்தது. பவல் படித்த சார்ட்டர்ஹவுஸ் பள்ளியை ஒட்டி ஒரு தோப்பு. மாணவர்கள் அங்கே கால் வைக்கக் கூடாது என்பது விதி. விதி என்று ஒன்று இருந்ததால் நம் ஆள் அங்கேயே பழி கிடந்தார். முயல் பிடிப்பார். உரிப்பார். சமைப்பார். புகை மேலே எழுந்தால் ஆசிரியர் மோப்பம் பிடித்து வந்துவிடுவார் என்பதால், துளிப் புகை வராமல் நெருப்பு மூட்டும் வித்தையைத் தானாகவே கற்றுக்கொண்டார். அப்படியும் யாராவது வந்துவிட்டால் மரத்தின் மேல் ஏறி மூச்சுக் காட்டாமல் இருப்பார். தேடி வந்தவர்கள் யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள் என்பதை அங்கேதான் கண்டுபிடித்தாராம். லத்தீன் வாய்பாடுகளில் கிடைக்காத ஞானம் அது.

இப்போது அந்தத் தேர்வுப் பட்டியலை மறுபடி பாருங்கள். நெருப்பு, சமையல், திசை தெரிந்து ஓடுவது, தூரத்தில் இருக்கும் கூட்டாளிக்குச் சைகை காட்டுவது. பள்ளிக்கூடத்தில் எதற்கெல்லாம் பிரம்படி விழுமோ, அத்தனையையும் இந்த மனிதர் பாடத்திட்டமாக எழுதிவிட்டார். எழுதியதோடு விட்டாரா? பிரம்பு வைத்திருந்தவர்களையே கூப்பிட்டு, 'நீங்கள்தான் தேர்வு நடத்தி மார்க் போட வேண்டும்' என்றும் சொல்லிவிட்டார். உலகத்தில் இவ்வளவு நாசூக்காகப் பழி வாங்கிய பழைய மாணவர் இன்னொருவர் இருக்க முடியாது.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டு கைவிட்டாலும் ராணுவத் தேர்வில் குதிரைப்படைப் பிரிவில் இரண்டாவதாக வந்து எல்லோரையும் திடுக்கிட வைத்தார். 1876-இல் லக்னோ வந்து 13-ஆம் ஹுஸ்ஸார் படையில் சேர்ந்தார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் நாடகத்தில் பெண் வேஷம் கட்டினார், ஈட்டியோடு காட்டுப்பன்றியைத் துரத்தினார். துரத்தியதோடு நிற்காமல் 1889-இல் பன்றி வேட்டையைப் பற்றிப் புத்தகமே போட்டார். 1897 வாக்கில் மறுபடி இந்தியாவுக்கு வந்து, மீரட்டில் 5-ஆம் டிராகூன் படைக்குத் தலைவரானார். ஒற்றுவேலையில் தேறிய சிப்பாய்களுக்குச் சட்டைக் கையில் ஒரு லில்லிப்பூச் சின்னம் கொடுத்தார். இன்று உலகம் முழுக்கப் பையன்கள் மார்பில் மாட்டிக்கொண்டு திரியும் அந்தப் பூ மொட்டுவிட்டது உத்தரப் பிரதேசத்துப் பட்டாளத்தில். பிற்பாடு சிலர், 'இது ஈட்டி முனை, பிஞ்சு நெஞ்சில் போர்வெறி ஊட்டுகிறாய்' என்று சண்டைக்கு வந்தபோது, 'ஐயோ, அது லில்லிப்பூ, சமாதானத்தின் அடையாளம்' என்று கூசாமல் பதில் சொன்னார். பூவை முதலில் யாருக்குக் கொடுத்தார் என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும்.

பிறகு தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் முற்றுகை. 1899 அக்டோபர் 13 முதல் 1900 மே 17 வரை, 217 நாள். போயர் படை ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டது. உள்ளே இருந்த பவலிடம் ஆளும் குறைவு, ஆயுதமும் குறைவு. ஏமாற்று மட்டும் ஏராளம். மணல் நிரப்பிய பெட்டிகளை 'கண்ணிவெடி, ஜாக்கிரதை' என்று ஊருக்கே அறிவித்து ஆரவாரமாகப் புதைக்கச் செய்தார். முள்கம்பி கைவசம் இல்லை. ஆகவே, இல்லாத முள்கம்பியைக் காலைத் தூக்கித் தாண்டுவது போல் நடிக்கும்படி சிப்பாய்களுக்கு உத்தரவிட்டார். எதிரி தூரத்திலிருந்து பார்த்து, முள்கம்பி இருக்கிறது என்று நம்ப வேண்டுமாம். லக்னோவில் கட்டிய வேஷமெல்லாம் வீண்போகவில்லை.

ஊருக்குள் இருந்த பையன்களைச் சேர்த்து ஒரு சிறுவர் படையும் அமைத்திருந்தார்கள். தபால் கொண்டுபோவது, காவல் நிற்பது, மருத்துவமனையில் உதவுவது அவர்கள் வேலை. முதலில் கழுதை மேல் போனார்கள். சாப்பாடு குறையக் குறையக் கழுதைகளும் குறைந்தன. காரணத்தை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். பிறகு சைக்கிள். சைக்கிளைத் தின்ன முடியாது என்பதால் அது கடைசிவரை இருந்தது. முற்றுகைக்குள் தபால்தலை தீர்ந்துபோனதும் ஊரிலேயே அச்சடித்தார்கள். ஒன்றில் அந்தச் சிறுவர் படைத் தலைவன் வார்னர் குட்இயர் சைக்கிளோடு. இன்னொன்றில் யார் படம் என்கிறீர்கள்? விக்டோரியா மகாராணி இருக்க வேண்டிய இடத்தில், தொப்பி போட்டுக்கொண்டு பேடன் பவல். அடக்கம் என்பது சாரணர் விதிகளில் இன்றுவரை ஏன் இல்லை என்று எனக்கு இப்போது புரிகிறது.

(முற்றுகையின்போது கறுப்பின மக்களின் ரேஷனில் கை வைத்தார் என்ற வழக்கு வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. சிலை எழுப்பியவர்கள் அதைச் சிலையின் அடியில் பொறிக்கவில்லை.)

முற்றுகை முடிந்தபோது லண்டன் தெருக்களில் ஆட்டம் பாட்டம். பவல் தேசத்து நாயகன் ஆகிவிட்டார். ஊர் திரும்பிப் பார்த்தால், சிப்பாய்களுக்காக அவர் எழுதிய ஒற்றுவேலைக் கையேட்டைப் பள்ளிப் பையன்கள் வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, இவர்களுக்கென்றே ஒன்று எழுதிவிடுவோம் என்று தோன்றியது. எழுதுவதற்கு முன் சோதித்துப் பார்க்க 1907 ஆகஸ்டில் பிரௌன்சீ தீவுக்கு 20 பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார். பாதிப் பேர் ஈட்டன், ஹாரோ வகையறாப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பாதி பூல், போர்ன்மத் ஊர்களின் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். முகாம் கட்டணம் பணக்காரனுக்கு 1 பவுண்டு, மற்றவனுக்கு மூன்றரை ஷில்லிங். ஒரே கூடாரம், ஒரே கஞ்சி, வேறு வேறு டிக்கெட். 1907-இன் இங்கிலாந்தில் இதுவே பெரிய புரட்சி.

காலையில் எழுப்புவதற்கு மணி கிடையாது. ஆப்பிரிக்காவில் மட்டபெலே சண்டையின்போது கைப்பற்றிய குடு மானின் கொம்பை எடுத்து பவல் ஊதுவார். பையன்கள் சிறுத்தை பார்த்த ஆடு மாதிரி எழுந்து ஓடி வருவார்கள். பிறகு பாலும் பிஸ்கட்டும், உடற்பயிற்சி, முடிச்சு, சுவடு, சமையல். ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார வைத்து ஆப்பிரிக்கக் கதைகள். அதில் எத்தனை நிஜம் என்று எந்தப் பையனும் கேட்கவில்லை. மணல் பெட்டியைக் கண்ணிவெடி என்று விற்றவரிடம் என்னவென்று கேட்பது?

1908 ஜனவரியில் தொடங்கி, பதினைந்து நாளுக்கு ஒன்றாக ஆறு பகுதிகளில் 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' வந்தது. விலை 4 பென்ஸ். அந்த மாதிரிப் புத்தகத்தை இன்று எந்தப் பதிப்பகமும் போடாது. வெறிநாயை எப்படிச் சமாளிப்பது, தறிகெட்டு ஓடும் குதிரையை எப்படி நிறுத்துவது, தொப்பி வைத்திருக்கும் தினுசை வைத்து ஆளின் குணத்தை எப்படி எடை போடுவது என்று கலந்துகட்டி இருக்கும். படிக்க வேண்டிய நூல்களின் வரிசையில் ஷெர்லாக் ஹோம்ஸ். கிப்ளிங்கின் 'கிம்' கதையையும் விடவில்லை. சிம்லாவில் ரத்தினக் கற்களைத் தட்டில் பரப்பி, மூடி, நினைவிலிருந்து சொல்லச் சொல்லும் அந்த விளையாட்டு பின்னாளில் தேர்விலேயே நுழைந்தது: 24 பொருள், 1 நிமிடம் பார்க்கலாம், 16-ஐயாவது சொன்னால் தேறினாய். நகரத்துப் பையனுக்குச் சுவடு பார்க்கக் காடு கிடையாது என்பதால் மாற்று ஏற்பாடாகக் கடை ஜன்னல். நான்கு கடைகளின் முன்னால் ஒவ்வொரு நிமிடம் நின்று முறைத்துப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒன்றில் என்னென்ன இருந்தது என்று ஒப்பிக்க வேண்டும். அரை டஜன் பையன்கள் தடிக் கம்போடு வந்து நகைக்கடை வாசலில் ஒரு நிமிடம் இமை கொட்டாமல் நின்றால், கடைக்காரர் அவர்களை வருங்காலக் குடிமக்களாகப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சின்னங்களில் முதல் படி 'டெண்டர்ஃபுட்'. நம் ஊர்க் கணக்கில் கத்துக்குட்டி. அதற்கு விதிகளும் வணக்கமும் தெரிய வேண்டும். யூனியன் ஜாக் கொடி எந்தெந்தச் சிலுவையால் ஆனது, எது மேல்பக்கம் என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்தக் கொடியைத் தலைகீழாக ஏற்றினால் ஆபத்தில் இருக்கிறோம் என்று பொருளாம். எது தலை, எது கீழ் என்று வெள்ளைக்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. பிறகு முடிச்சுகள். ரீஃப், ஷீட் பெண்ட், கிளவ் ஹிட்ச், போலைன், ஃபிஷர்மேன், ஷீப்ஷாங்க். இவற்றில் நான்கு போட்டாக வேண்டும்.

சாரணப் பாடத்திலேயே அதிகமான கண்ணீர் சிந்தப்பட்ட இடம் இந்தக் கயிறுதான். ரீஃப் முடிச்சு சுலபம்: வலது மேல் இடது, பிறகு இடது மேல் வலது. இரண்டாவது தடவையும் வலதையே மேலே போட்டால் அது கிரானி. கட்டும்போது பார்க்க அச்சு அசலாக ரீஃப் மாதிரியே இருக்கும்; பாரம் ஏறியதும் நழுவும். கிளவ் ஹிட்ச் என்பது மாடு மேய்க்கும் பையன் பெயர் தெரியாமலே கட்டுத்தறியில் போடுவது. ஷீப்ஷாங்க், நீளமான கயிற்றை வெட்டாமல் சுருக்குவதற்கு. வாழ்நாளில் ஒருவருக்கும் அந்தத் தேவை வந்து நான் பார்த்ததில்லை. நீளமான கயிறு இருந்தால் மிச்சத்தைச் சுருட்டி வைப்பதுதான் மனித இயல்பு. ஆனால் தேர்வாளருக்கு ஷீப்ஷாங்க் மேல் ஒரு காதல். பையன் போட்டு முடித்துப் பெருமையாகக் கையை எடுத்ததும், இழுவிசை இல்லாததால் அது அவன் கண்ணெதிரே அவிழ்ந்து வெறும் கயிறாகிவிடும்.

போலைன் முடிச்சைச் சொல்லிக்கொடுக்க ஒரு கதை உண்டு. பொந்திலிருந்து முயல் வெளியே வரும், மரத்தை ஒரு சுற்று சுற்றும், மறுபடி பொந்துக்குள் போகும். இழு. ஆயிற்று. லூயிஸ் கரோலின் முயல், சார்ட்டர்ஹவுஸ் தோப்பின் முயல், கயிற்றில் ஒரு முயல். எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அந்த முயலை மரத்துக்குத் தப்பான பக்கமாகச் சுற்ற விட்டுத் தவித்தார்களோ!

விதிகளில் எனக்குப் பிடித்தது எட்டாவது. சாரணன் எந்த நிலையிலும் சிரித்துக்கொண்டும் விசிலடித்துக்கொண்டும் இருப்பான். இங்கிலாந்தில் இது நற்குணம். இருட்டிய பிறகு விசிலடித்தால் பாம்பு வரும், பகலில் அடித்தால் அப்பா வருவார் என்று வளர்ந்த நம் பிள்ளைகள் இந்த விதியை எப்படி நிறைவேற்றுவது? கெட்ட வார்த்தை பேசினால் என்ன தண்டனை என்பதையும் பவல் அங்கேயே எழுதிவைத்தார். ஒரு வார்த்தைக்கு ஒரு குவளை பச்சைத் தண்ணீர், சக சாரணர்கள் சேர்ந்து சட்டைக் கைக்குள் ஊற்றுவார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தண்டனையே இல்லை. மே மாதத்தில் வேலூரில் இந்தச் சட்டத்தை அமல்படுத்தினால் ஊரே வரிசையில் நின்று வைய ஆரம்பித்துவிடும்.

1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் முதல் பெரிய அணிவகுப்பு. 11,000 பையன்கள் போல வந்து நின்றார்கள். நடுவே ஒரு கூட்டம் தொப்பியும் கம்புமாக, ஆனால் பாவாடையோடு. பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டுப் பதிவு செய்துகொண்டு பெண் பிள்ளைகள் உள்ளே புகுந்திருந்தார்கள். யார் நீங்கள் என்று கேட்டதற்கு 'நாங்கள்தான் பெண் சாரணர்கள்' என்று கூசாமல் பதில் வந்தது. ஒளிந்து வேவு பார்ப்பது எப்படி என்று அத்தனை பக்கம் எழுதியவரின் படைக்குள்ளேயே பாவாடைகள் ஊடுருவிவிட்டன. மறுவருடம் தங்கை ஆக்னஸைப் பிடித்து வழிகாட்டியர் இயக்கத்தை ஆரம்பித்துக் கொடுத்தார்.

இந்தியாவுக்குச் சாரணர் இயக்கம் 1909-இலேயே பெங்களூர் வழியாக வந்துவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டும். இந்தியப் பையனுக்கு அனுமதியில்லை. காரணம் அரசாங்கத்தின் அச்சம்: வேவு பார்க்கவும் சைகை காட்டவும் அணி அணியாக நடக்கவும் வங்காளத்துப் பையனுக்கு நாமே சொல்லிக்கொடுப்பதா? இரண்டே தீக்குச்சியில் நெருப்பு மூட்டத் தெரிந்தவன் எதற்கு மூட்டுவான் என்று யார் உத்தரவாதம் தருவது? நியாயமான கவலைதான். மீரட்டில் பூ வாங்கிய ராணுவத்துக்கு அந்தப் பாடத்தின் உண்மையான பயன் தெரிந்திருந்தது.

சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இதற்கெல்லாம் அசருகிறவரா? 1916-இல் தன் சகா அருண்டேலோடு சேர்ந்து இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, பாடுவதற்கு வந்தே மாதரம். அடையாறு பிரம்மஞான சபைக்காரர்கள் சைவம். கால் பவுண்டு இறைச்சியை அங்கே யார் அவிப்பது? உருளைக்கிழங்கோடு நிறுத்திக்கொண்டால் போதாதா? 1917 ஜூனில் அரசாங்கம் சுயாட்சிக் கிளர்ச்சிக்காக பெசன்டையும் அருண்டேலையும் இன்னொரு சகாவான வாடியாவையும் பிடித்து ஊட்டியில் காவலில் வைத்தது. சாரணர் தலைமையகமே காவலுக்குப் போன கதை வேறெந்த நாட்டிலும் நடந்திருக்காது. அம்மையார் ஊட்டி வீட்டுத் தோட்டத்தில் பச்சையும் சிவப்புமாக சுயாட்சிக் கொடியை ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். கத்துக்குட்டித் தேர்வின் கொடிப் பாடத்தில் இவர்களுக்கு நூற்றுக்கு நூறு போடலாம், கொடி மட்டும் வேறு.

1921-இல் பவல் இந்தியா வந்தபோது சமரசம் ஆனது. பெசன்டின் சாரணர்கள் தாய்ச் சங்கத்தில் சேர்ந்தார்கள். காவலில் வைத்த அதே சாம்ராஜ்யத்தின் சாரணர் இயக்கம் 1932-இல் அவருக்கு 'வெள்ளி ஓநாய்' என்ற உயரிய விருதைக் கொடுத்தது. 1937-இல் இந்தியர்களின் குணத்தைப் பற்றிப் பவல் துரை ஏதோ சொல்லப்போக, மானஸ்தர்கள் பலர் கழுத்துத் துணியைக் கழற்றி வைத்துவிட்டு வேறு சங்கத்துக்குப் போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-இல், 'பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ்' பிறந்தது.

பின்னாளில் சின்னங்களுக்கும் புதுப் பெயர் வந்தது. பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், திருதீய சோபான், அதற்கு மேல் ராஜ்ய புரஸ்கார். வழிபாட்டுப் பாடலும் இந்தி, கொடிப் பாடலும் இந்தி. இந்தி கூடாது என்று ரயில் நிலையப் பலகைக்குத் தார் பூசிய மாநிலத்தில், சாரணச் சட்டை போட்ட பிள்ளை தினமும் காலையில் கைகூப்பி இந்தியில் உருகுகிறது. பொருள் அதற்கும் தெரியாது, சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கும் தெரியாது. ஆகவே இருவருக்கும் மனவருத்தம் இல்லை.

பிரவேஷ் வாங்க இன்றைக்கு வங்கியில் 6 பென்ஸ் வேண்டாம். தினம் ஒரு நற்செயல் செய்ய வேண்டும். பவல் காலத்தில் இதற்கு நினைவூட்டலாகக் கழுத்துத் துணியின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, நற்செயல் முடிந்ததும் அவிழ்க்கச் சொன்னார். இப்போது செய்ததைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எழுத வேண்டும் என்றால் யாராவது கிழவி சாலையைக் கடந்தாக வேண்டும். அந்தத் தெருவில் கிழவியே இல்லாவிட்டால் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். பள்ளிச் செடிகள் ஏன் அழுகிப்போகின்றன என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை.

நம் பெற்றோர்கள் இதையெல்லாம் வெகுகாலம் 'படிக்கிற பிள்ளையைக் கெடுக்கிற வேலை' என்றுதான் பார்த்தார்கள். கயிறும் விசிலும் கம்புமாக ஒரு பையன் திரிந்தால் எந்தத் தகப்பனுக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். பவலின் ஆசிரியர்களுக்கும் அதே கலக்கம்தான். பிறகு எவனோ ஒரு புண்ணியவான், ரயில்வே வேலையில் சாரணர்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, மேல்படி விருது வாங்கியிருந்தால் விண்ணப்பம் போடலாம் என்ற சேதியைத் தெருவில் பரப்பிவிட்டான். அதற்குப் பிறகு வீட்டில் கிணற்றுக் கயிறு காணாமல் போனால் ஒருவரும் சத்தம் போடுவதில்லை. 'ஷீப்ஷாங்க் போட்டுப் பார்க்கிறான், தொந்தரவு செய்யாதே' என்று அம்மாவே அடுத்த வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கப் போகிறாள்.